மாமா வீட்டு டிவி

“மாமா, உங்கட டிவியைத் தாங்க.”

கேட்கவே கூடாது என்று அப்பா ஐந்து வருஷமாகச் சொல்லி வைத்திருந்ததை, சுலோஜனா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டுவிட்டாள்.

நாகரெத்தினம் மாமா கடை இடியப்பத்தைப் பேப்பரோடு மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். முன்னால் டிவியில் காலைச் செய்தி. விரலெல்லாம் சம்பல். வெளிச்சத்துக்கு எதிராக நிற்பது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஆரது, சுலோவா?”

“ஓம், நான்தான்.”

“கொப்பனுக்கு என்னவும்…”

“இன்னும் இல்ல. நேத்து ஆஸ்பத்திரியால கொண்டு வந்திட்டம். ரெண்டு கிட்னியும் முடிஞ்சுதாம். வீட்ட வெச்சுப் பாருங்க எண்டுட்டாங்க.”

“அவனா டிவி கேட்டு அனுப்பினவன்?”

“அவருக்குத் தெரியா. நான் கேக்கன்.”

“என்னத்துக்கு புள்ள இப்ப டிவி?”

“அம்மாவைக் காட்டுறத்துக்கு.”

மாமாவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. பிறகு பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார். எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். இல்லாத அம்மாவை எப்படிக் காட்டப் போகிறாய் என்று கேட்கவில்லை. டிவியை நிறுத்திச் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினார். அந்த வீட்டில் டிவி நின்றதும் கடல் கேட்டது. இவ்வளவு கிட்டவா கடல் என்று சுலோஜனா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏன் காலையிலிருந்து படுக்கும் வரைக்கும் அந்தப் பெட்டியை ஓடவிடுகிறார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பெரியகல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாமா வீடு கடல் பக்கம், அப்பா வீடு வாவிப் பக்கம். நடுவில் பெரிய ரோட்டு. நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் அப்பா ஐந்து வருஷமாக அடைத்து வைத்திருந்தார்.

சுனாமி வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீட்டில் அப்போது டிவியும் இல்லை, வீடியோ டெக்கும் இல்லை. இரண்டும் அம்மாவின் கூடப்பிறந்த மாமாவின் வீட்டில் இருந்தன. சுலோஜனாவின் சாமத்தியச் சடங்கு வீடியோக் கசற்றும் அங்கேதான் இருந்தது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவுக்கு அதைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் சீலை உடுத்து அம்மா படத்தில் வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். “வா புள்ள, ஒருக்காப் பார்த்திட்டு வருவம்” என்று அன்றைக்கும் கூப்பிட்டாள். “அந்தப் பேய்க்கூத்தை ஆர் பார்க்கிற? நீங்க போங்க” என்று சுலோஜனா சொன்னாள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஊர்கூடி நீராட்டி, சோடித்து, கதிரையில் இருத்திக் காட்சிக்கு வைத்ததில் அவளுக்கு அடங்காத கோபம். அந்தக் கோபம் இன்னமும் போகவில்லை. ஆனால் அதை இப்போது யாரிடமும் சொல்ல முடியாது. அது அம்மாவை அனுப்பிவைத்த கோபம்.

அலை மாமாவின் பழைய வீட்டை அத்திவாரத்தோடு துடைத்துக்கொண்டு போனது. அம்மாவும், மாமாவின் பெண்சாதி பரமேஸ் மாமியும், அவர்களுடைய ஏழு வயது மகளும் அங்கே டிவிக்கு முன்னால் இருந்தார்கள். மாமா வாவியில் வலை போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய மூத்த மகன் கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தான். அம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். மற்ற இரண்டு பேரும் கிடைக்கவில்லை.

“டிவி பார்க்கக் கூப்பிட்டுச் சாக்காட்டினவன்” என்று அப்பா சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. “அவன்ட காலடி என்ட வளவுக்குள்ள படக்கூடா. அந்த வீட்டில ஒரு பிடி உப்பும் நீ கேக்கக்கூடா. டிவி எண்ட கதையே இஞ்ச வரக்கூடா.”

மாமா ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. அவருக்குப் போனது மூன்று உயிர் என்பதைப் பற்றி ஊரில் யாரும் அப்பாவிடம் பேசவில்லை. சுலோஜனாவும் பேசவில்லை. வந்தாறுமூலையில் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கி, விரிவுரையாளர்களோடு கூடச் சண்டை பிடித்தவள், சொந்த அப்பாவிடம் இந்த ஒரு நியாயத்தைக் கேட்காமல் விட்டாள். அதுக்காகவும் அவளுக்குக் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. வாவிப் பக்கத்து வீட்டுக்குள்ளும் தண்ணீர் நெஞ்சளவுக்கு வந்து அலுமாரியைக் கவிழ்த்தது. அடையாள அட்டை அம்மாவோடு போய்விட்டது. சொந்தக்காரர் வீட்டு அல்பங்களும் தப்பவில்லை. பிறகு நிவாரணமாகக் கட்டிக் கொடுத்த வீட்டில், அப்பா படம் மாட்டுகிற இடத்தில் ஓர் ஆணியை மட்டும் அடித்தார். அந்த வெறும் ஆணிக்குக் கீழே வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைத்தார்.

யுத்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் சுலோஜனாவுக்கு அந்த யோசனை வந்தது. சடங்குக்குப் படம் பிடித்தவர் கல்முனை ஸ்டூடியோக்காரர் பதியுதீன். அவரிடம் மூலக் கசற் இருக்காதா? இருந்தது. பத்து வருஷத் தூசியோடு, பேர் ஒட்டி, மேல் தட்டில் இருந்தது. இதை ஐந்து வருஷமாக ஏன் யோசிக்கவில்லை என்று தன்னையே ஏசிக்கொண்டு, களுவாஞ்சிக்குடியில் தட்டச்சு வேலை செய்து வாங்கிய தன் பழைய கம்பியூட்டர் பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பாலத்தடியில் ஆமிக்காரன் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தான். பதியுதீன் கசற்றை ஓடவிட்டு அதை அப்படியே பெட்டிக்குள் ஏற்றிக் கொடுத்தார்.

“இந்தாங்க தங்கச்சி, இந்த வயரையும் வெச்சுக்கங்க. ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் மஞ்சள். டிவியில பார்க்கிறதெண்டா இதக் குடுத்தாச் சரி.”

“எங்கட வீட்ட டிவி இல்ல.”

“டிவி இல்லாத ஊடும் இரிக்கா?” என்று சிரித்துவிட்டு, வயரைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அன்றைக்குப் பின்னேரமே அப்பாவை மேசைக்கு முன்னால் இருத்திக் காட்டினாள். சீனி வருத்தம் அதற்குள் அவருடைய கண்ணைத் தின்றிருந்தது. பதினான்கு அங்குலத் திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஆக்கள் நடமாடுறது தெரியுது மனே. எறும்பு போல. இதில ஆர் யோகம்?” என்று அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்டார்.

“அந்தா, தட்டம் வெச்சிருக்கிறவ.”

“தெரியல்ல.”

அதோடு எழும்பிப் போய்விட்டார். இரண்டு மாதமாக அதைப் பற்றிப் பேசவில்லை. நேற்று ஆஸ்பத்திரியால் கொண்டு வந்து கட்டிலில் கிடத்தியபோதுதான் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சுலோ, அந்தப் படம்… அதப் பெரிசாக் காட்டேலாதா?”

டிவி என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். விடிந்ததும் அவள் பத்து நிமிஷம் நடந்து போய்க் கேட்டுவிட்டாள்.

மாமா டிவியைப் படுக்கை விரிப்பால் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்து வலைக்கயிற்றால் கட்டினார். அவர் உருட்ட, அவள் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா வீட்டுப் படலையடியில் சைக்கிள் நின்றது.

“இஞ்சால நீ தூக்கிக்கொண்டு போ புள்ள. ஏலுமா?”

“உள்ளுக்கு வாங்க மாமா. அவர் எழும்பி வந்து அடிக்கப் போறாரா?”

“வேணாம். சாகிற நேரத்தில ஒரு மனிசன்ட சொல்லை உடைக்கேலா.”

“அந்தச் சொல்லு சரியெண்டு நினைக்கீங்களா?”

மாமா கயிற்றை அவிழ்த்து, பெட்டியை அவள் கைக்கு மாற்றி, அது நழுவாது என்று தெரியும் வரைக்கும் அடியைத் தாங்கிக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

டிவியைக் கட்டில் காலடியில் ஸ்டூலுக்கு மேல் வைத்தாள். அப்பா ஒருக்களித்துப் படுத்தபடி அந்தக் கறுப்பு உருவத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இது ஆர்ர?”

“மாமாட.”

ஏச்சு வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றாள். வந்தால் திருப்பிக் கொடுக்கப் பதிலும் வைத்திருந்தாள். வரவில்லை. “ம்” என்றார். “கொஞ்சம் இஞ்சால திருப்பி வை. வெளிச்சம் அடிக்கிது.”

கம்பியூட்டரின் முதுகில் தூசியை ஊதித் தேடியபோது, இத்தனை நாள் எதற்கென்று தெரியாமல் இருந்த வட்டத் துளை அகப்பட்டது. வயரின் வட்ட முனையை அதில் செருகி, மஞ்சள் முனையை டிவியின் மஞ்சள் துளையில் அழுத்தினாள். ரிமோட்டில் ஒவ்வொரு சனலாகத் தள்ளினாள். புழு நெளிந்தது, நீலம் வந்தது, பிறகு அவளுடைய கம்பியூட்டர் முகப்பே நடுங்கிக்கொண்டு டிவியில் வந்து நின்றது. அவளுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. வீடியோவை ஓடவிட்டாள். மேசையில் இருந்த சின்னத் திரையில் மேளக்காரர் வந்தார்கள். டிவியில், படம் வரவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். அதைச் சுற்றிப் பொத்தான்கள், கோடுகள், எழுத்துகள் எல்லாம் இருந்தன. நடுவில்தான் ஒன்றுமில்லை.

“யோகம் எங்க மனே?”

“பொறுங்க.”

“கறுப்பாத்தான் கிடக்கு.”

“எனக்கும் கண் தெரியும் அப்பா. பொறுங்க எண்டன்.”

கழற்றிப் பூட்டினாள். நிறுத்தி எழுப்பினாள். அதே கறுப்பு. முகம் சிவந்து, கையில் இருந்த மவுசைச் சுவரில் அடிக்கிற நிலைக்கு வந்து, கடைசியில் பதியுதீனுக்குப் போன் எடுத்தாள்.

“எல்லாம் தெரியிது, படம் மட்டும் கறுப்பா? ஆ, விளங்கிட்டு. தங்கச்சி, அந்தப் பெட்டிக்கு ரெண்டு திரை இரிக்கு. ஒண்டாம் நம்பருக்குத்தான் அது படத்தைக் காட்டும். ரெண்டாம் நம்பருக்குச் சும்மா ஓரத்தை மட்டும் காட்டும். இப்ப ஒங்கட மேசையில இரிக்கிறதுதான் ஒண்டு. டிவிய ஒண்டாக்குங்க.”

“மெசினுக்குமா மூத்தவன் இளையவன்?”

“நீங்க சண்டைய அதோட புடிங்க. நான் சொல்ற இடத்த அமத்துங்க.”

அவர் சொன்ன இடத்தை அமுக்கினாள். மேசைத் திரையில் படம் செத்துக் கறுப்பானது. டிவியில் ஒரு பந்தல் விரிந்தது. ஸ்பீக்கரில் மேளம் எழுந்தது. வரிசையாக வந்த பெண்களுக்கு நடுவே பச்சைக் காஞ்சிபுரத்தில் அம்மா தட்டத்தோடு வந்தாள். கமராவைக் கண்டதும் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பி, பிறகு மனம் கேளாமல் திரும்பவும் பார்த்தாள்.

அப்பா கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். சுலோஜனா முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினாள்.

“இந்தா வாறா” என்றார் அப்பா, படலையைத் திறந்துகொண்டு யாரோ வருவதைச் சொல்வது போல.

திரையில் பதின்மூன்று வயது சுலோஜனா கதிரையில் உம்மென்று இருந்தாள். அம்மா குனிந்து அவள் நாடியைப் பிடித்துச் சிரி, சிரி என்று கெஞ்சினாள். அவள் சிரிக்கவில்லை.

“மூஞ்சியைப் பாரு” என்றார் அப்பா. “இஞ்சி திண்ட குரங்கு மாதிரி. அண்டைக்கு இருந்த மூஞ்சிதான் இண்டைக்கும்.”

“உங்கட மூஞ்சிதான் எனக்கு.”

“ஓம். கொம்மாட மூஞ்சி வந்திருந்தா எப்பவோ கலியாணம் முடிஞ்சிருக்கும்.”

அவர் சிரிக்க, இருமல் வந்தது. தண்ணீரில் துணியை நனைத்து உதட்டைத் துடைத்தாள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். எல்லாரும் மூச்சு விட்ட பிறகும் ஒரு குரல் மட்டும் உச்சியில் அறாமல் நின்றது. அது பரமேஸ் மாமி. அவள் குரவை தெரு முனைக்குக் கேட்கும் என்பார்கள். கலியாண வீடுகளுக்கு அவளைத் தேடி வந்து கூட்டிப் போவார்கள். அவளுக்குப் பக்கத்தில் மகள் இரண்டு வயதுக் குழந்தையாக, காதைப் பொத்திக்கொண்டு, மாமாவின் தோளில் இருந்தது.

“நாகன்ட தலைமயிரைப் பார். கறுகறுண்டு” என்றார் அப்பா.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வாயில் அந்தப் பேர்.

படம் முடிந்ததும் “இன்னொருக்கா” என்றார். முடிந்தது. “இன்னொருக்கா.” மத்தியானக் கஞ்சி வேண்டாம் என்றார். மூன்றாம் முறைக்கும் நாலாம் முறைக்கும் இடையில் அவருடைய கண் பாதி மூடியிருந்தது. பார்க்கிறாரா, கேட்கிறாரா என்று தெரியவில்லை.

“அவன் பார்த்தானா?”

“ஆரு?”

“நாகன்.”

“இல்ல. படலையோட போயிட்டார். நீங்கதானே வரக்கூடா எண்டீங்க.”

அப்பா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஒலியைக் கொஞ்சம் கூட்டு மனே.”

கூட்டினாள். “இன்னும்” என்றார். ஸ்பீக்கர் இரைகிற அளவுக்குக் கூட்டினாள். செவிடு இல்லையே இந்த மனிசன் என்று நினைத்தாள். தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனாள். வீடு முழுக்க மேளமும் குரவையும். பரமேஸ் மாமியின் குரல் யன்னலால் வெளியே போய்க்கொண்டிருந்தது. தேத்தண்ணீரோடு வந்தபோது அப்பா டிவியைப் பார்த்தபடி இருந்தார். பச்சைச் சீலையின் வெளிச்சம் அவர் முகத்தில் அசைந்தது. முகம் அசையவில்லை.

கோப்பையைக் கீழே வைத்தாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தாள். படத்தை நிறுத்தவில்லை. அம்மா தட்டத்தை இறக்கி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்து, யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் ஓடி வந்தது கண்ணகை மாமி, அப்பாவின் அக்கா. இரண்டு வளவு தள்ளி இருக்கிறவள். வரும்போதே வாய் வந்தது.

“என்னடி இது, சாகக் கிடக்கிற வீட்டில குரவை கேக்குது! ஊரே வேலிக்கு மேலால…” கட்டிலைப் பார்த்ததும் குரல் உடைந்தது. “ஐயோ என்ட தம்பி!”

ஒப்பாரிக்கு நடுவிலும் மாமிக்குக் கை சும்மா இருக்கவில்லை. டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். வெள்ளை வேட்டியால் அதை மூடினாள். அதுக்குப் பிறகுதான் கேட்டாள், இது எங்கால் வந்தது என்று. சுலோஜனா மறைக்கவில்லை.

“அவன்ட டிவியா? அண்டைக்கு இவன்ட பொஞ்சாதியைச் சாக்காட்டினான், இண்டைக்கு இவனையும் சாக்காட்டிட்டான்!”

“அப்பாவைச் சாக்காட்டினது கிட்னி, மாமி.”

“படிச்ச திமிர்! அப்பன் கிடக்கிறான், வாய் கதைக்குது பார்.”

மறுநாள் பின்னேரம் எடுத்தார்கள். பறை முன்னால் போனது. படலை வரைக்கும்தான் பெண்கள். மாமா வளவுக்குள் வரவில்லை. காலையிலிருந்து ரோட்டோர மதகில், வெற்றுடம்போடு, தோளில் துவாயோடு இருந்தார். பாடை வெளியே வந்ததும் எழும்பினார். ஆண்கள் எல்லாரும் கடந்து போகும் வரைக்கும் நின்றார். கடைசியாகப் படலையைத் தாண்டும்போது சுலோஜனாவுக்குப் பக்கத்தில் நடை தயங்கியது.

“முந்தநாத்து…” என்று தொடங்கி, நாளைத் தவறாகச் சொன்னது விளங்கி நிறுத்தினார். “நேத்துப் பின்னேரம் இந்த மதகிலதான் இருந்தனான். அது பரமேஸ்ட குரவைதானே புள்ள?”

“ஓம் மாமா.”

தலையை ஆட்டினார். பத்தடி இடைவெளி விட்டு, ஊர்வலத்துக்குப் பின்னால் தனியாக நடந்து போனார்.

அன்று பொழுதுபடுவதற்குள் கண்ணகை மாமி இரண்டு பேரைப் பிடித்து டிவியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். “சாவுத் துடக்கு வீட்டில அவன்ட சாமான் கிடக்கக்கூடா.” சுலோஜனா தடுக்கவில்லை. இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறாளே என்று மாமிக்குக் கொஞ்சம் பயமும் வந்தது போல. இரவு வந்து தலையைத் தடவிவிட்டாள்.

விடிந்தது. வீடு கழுவிக் காய்ந்திருந்தது. சுவரில் ஆணி இருந்தது. இப்போது அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் அதுதான். சுலோஜனா கம்பியூட்டரை எழுப்பினாள். வீடியோவை ஓடவிட்டும் மேசைத் திரையில் படம் வரவேண்டிய இடம் கறுப்பாகவே கிடந்தது. பெட்டி உள்ளே இரைந்துகொண்டு, இல்லாத டிவிக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தது. பதியுதீனைக் கேட்டால் மாற்றலாம். அவள் போனைக் கையில் எடுக்கவில்லை. பெட்டியை நிறுத்தி வயர்களைக் கழற்றினாள். அப்பாவின் சைக்கிளைச் சுவரில் சாத்தி, பெட்டியைக் கரியரில் வைத்து, மூலையில் தொங்கிய வலைக்கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள். ஸ்பீக்கர் இரண்டும் மவுசும் கீபோட்டும் சந்தைப் பைக்குள்.

கண்ணகை மாமி முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க கா இத ஏத்திறாய்? திருத்தவா?”

“மாமா வீட்ட.”

மாமியின் கையில் இருந்த சட்டி அப்படியே நின்றது.

“உனக்குப் பித்தா? முப்பத்தொரு நாள் துடக்கு. ஒத்தர்ர வீட்டுப் படி மிதிக்கேலா. அதுவும் அந்த வீட்ட? கொப்பன்ட சொல்லு இன்னும் இந்த வீட்டுக்குள்ள நிக்குது புள்ள.”

ஒலியைக் கூட்டச் சொன்ன அப்பாவைப் பற்றி மாமிக்குச் சொல்லலாம்தான். அவள் சொல்லவில்லை. மாமியின் பக்கத்தில் போய்க் குனிந்து, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த சாம்பலைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

“தேத்தண்ணி வெச்சுக் குடிங்க மாமி. நேத்தையில இருந்து நீங்க ஒண்டும் குடிக்கல்ல.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள். மதகில் ஒருவரும் இல்லை. பெரிய ரோட்டைத் தாண்டியதும் மணல் தொடங்கியது. ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். கட்டுக்குள் அடங்காத வயரின் மஞ்சள் முனை மட்டும் தொங்கி, சில்லு சுற்றச் சுற்றக் கம்பியில் தட்டித் தட்டி வந்தது.